மரம் மூடிக்கொண்டது, மழை வரவில்லை

எனக்கு மழை தெரியும். இதைச் சொல்லிக்கொள்ள நான் என்றும் வெட்கப்பட்டதில்லை. சமையலில் நான் சுமார்தான். கோயிலில் பாடத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவர் ஜெபப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொள்வார். கார் லைசென்ஸ் எடுக்கப் போய் மூன்று முறை தோற்று, நான்காவது முறை போகவே இல்லை. ஆனால் ஜார்ஜ் டவுனில் எங்கள் தெருவுக்கு மழை உண்டா இல்லையா என்று கேளுங்கள். நான் சொல்வதை நம்பித் துணியைக் கொடியில் விட்டுவிட்டு நீங்கள் பாசாருக்குக் காய் வாங்கப் போகலாம்.

அதற்கு எனக்கு வேண்டியது ஒரே ஒரு மரம். நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்கள் மாதா கோயில் வளாகத்தில், மணிக்கூண்டை ஒட்டி, பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று நிற்கிறது. மலாய்க்காரர்கள் அதை ஐந்து மணி மரம் என்பார்கள். பொழுது சாய்ந்தால் இலைகளை மடித்துக்கொண்டு தூங்கப் போய்விடும். பெயர்தான் ஐந்து மணி, மூடுவது ஆறு தாண்டித்தான். அரசாங்கம் நாட்டுக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவைத்தபோது மரத்திடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

விஷயம் இவ்வளவுதான். மூட வேண்டிய நேரத்துக்கு முன்பே அது மூடிக்கொண்டால், இரண்டு மணி நேரத்துக்குள் மழை. நம் கண்ணுக்கு வானம் வெளிச்சமாக இருக்கும்போதே அதற்குத் தெரிந்துவிடும். வானம் கறுத்துக் கிடந்தாலும் இலை விரிந்தே இருந்தால், அந்த இரண்டு மணி நேரத்துக்குக் கவலையில்லை. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று மரம் சொல்லாது. நானும் சொல்லமாட்டேன்.

இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. துணி நனைந்து நனைந்து நானே கண்டுபிடித்தது. கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் வீடு கோயிலுக்குப் பின்னால், மூன்றாவது மாடியில். சமையலறை ஜன்னலைத் திறந்தால் மரம்தான் தெரியும். இரட்டைப் பிள்ளைகள் வேறு. ஒரு நாளைக்கு எத்தனை துணி துவைத்தேன் என்று இப்போது சொன்னால் என் மகன்களே நம்புவதில்லை. மழை வந்து நனைத்த ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் மரத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன். நான்கைந்து வருடத்தில் மரம் எனக்குப் பிடிபட்டுவிட்டது.

பிறகு நாங்கள் இரண்டு தெரு தள்ளிக் குடிபோனோம். நான் ஒரு கிளினிக்கில் பதிவு மேசையில் வேலை பார்க்கிறேன். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வரும்போது மரத்தை ஒரு பார்வை பார்ப்பேன். சாயங்கால வேளையில் அதன் பக்கம் போவது திருவிழா நாட்களில் மட்டும்தான். ஆனால் அந்த நாட்களில் என் மவுசே தனி. மாதா தேர் புறப்படும் முன், ஐந்து மணிக்கு, பங்குத் தந்தை என்னைத் தேடி வருவார். நான் மணிக்கூண்டுப் படியில் ஏறி நிற்பேன். தலைக்கு மேல் கை எட்டும் உயரத்தில் ஒரு கிளை நீண்டிருக்கும். அந்தக் கிளையைப் பார்த்துவிட்டு, தேரை எடுக்கலாம் அல்லது வேண்டாம் என்பேன். எத்தனையோ வருடமாக நான் சொன்னது பிசகியதே இல்லை. கோயில் வாசலுக்கு எதிரே தேநீர்க் கடை வைத்திருக்கும் முஸ்லிம் தம்பிகூட, நான் சொல்வதைக் கேட்டுத்தான் மேசைகளைத் தெருவில் போடுவார்.

இனி என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவருடைய அக்கா. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். முப்பத்தோரு வருடமாக எங்களோடுதான் இருக்கிறார். எனக்கும் அவருக்கும் சண்டை வராத விஷயம் எது என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் அகப்படவில்லை. சாம்பாரில் நான் போடும் புளி, நான் மடிக்கும் சேலை, நான் கதவைச் சாத்தும் சத்தம், எல்லாமே அவருக்குக் குறைதான். நானும் சும்மா இருந்ததில்லை.

ஆனால் காகிதப் பூ செய்வதில் அவரை அடித்துக்கொள்ள பினாங்கில் ஆள் கிடையாது. கிரேப் காகிதத்தை வெட்டி, விரலால் இழுத்து, கம்பியில் சுற்றினால் ரோஜாவாகும், லில்லியாகும், சாமந்தியாகும். பீடத்துக்கு அவர்தான் வருடாவருடம் செய்வார். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சு பிழைத்தது. அது பிழைக்காமல் இருந்திருந்தால் வீடு அமைதியாக இருந்திருக்கும் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். அவரும் சிரித்தார்.

போன கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஒரு நாள், "பேப்பர் வாங்கிட்டு வா," என்றார். "எதுக்குக்கா?" என்றேன். "இந்த வருஷம் தேர் முழுக்க நான் செய்யப்போறேன்," என்றார். இடது கையால். நான் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டேன். அங்கேயே நின்றிருந்தால் அழுதிருப்பேன்.

கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கை விரல்களால் இதழை இழுத்து இழுத்துச் சுற்றினார். முதல் மாதம் செய்த பூக்களைப் பார்த்தால் கத்தரிக்காய் மாதிரி இருந்தன. அவரே பிய்த்துப் போட்டார். மூன்றாம் மாதம் ரோஜா, ரோஜாவாக வந்தது. கம்பி கிழித்து உதட்டில் ரத்தம் வரும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி உட்காருவார். நான் வேலை முடிந்து வந்து கம்பி வெட்டிக் கொடுப்பேன். அளவு கொஞ்சம் பிசகினாலும் திட்டு விழும். எட்டு மாதம் எங்கள் வீட்டில் சோபாவில் உட்கார இடமில்லை. எங்கே பார்த்தாலும் பூ.

திருவிழா வாரம் வந்தது. தேரை அலங்கரித்து முடித்தபோது, நான் அதை இரண்டு முறை சுற்றி வந்து பார்த்தேன். அடியில் சிவப்பு, நடுவில் இளஞ்சிவப்பு, மாதாவின் காலடியில் வெள்ளை லில்லி. கட்டை ஒரு இடத்தில்கூடத் தெரியவில்லை. ஆனால் ஒரு பயமும் கூடவே இருந்தது. கிரேப் காகிதத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், சாயம் வழிந்து, இதழ் கூழாகிவிடும். பிளாஸ்டிக் போட்டு மூடி எடுத்துப் போகலாமே என்று திருவிழாக் குழுத் தலைவர் சொல்லிப் பார்த்தார்.

"அப்படி மூடி எடுத்துட்டுப் போறதுக்கு, பேசாம குப்பையில போட்டுருங்க," என்றார் நாத்தனார்.

செப்டம்பர் மாதம். பினாங்கில் அந்த மாதத்து மழையை யாரும் நம்ப முடியாது. சனிக்கிழமை சின்னச் சுற்று, ஞாயிற்றுக்கிழமை பெரிய சுற்று என்பது எங்கள் வழக்கம். இரண்டு நாளும் தேர் தெருவுக்கு வருமா வராதா என்பது என் வாயில் இருந்தது.

சனிக்கிழமை ஐந்து மணிக்குப் பங்குத் தந்தை வந்தார். "என்னம்மா, மரம் என்ன சொல்லுது?"

படியில் ஏறிப் பார்த்தேன். என் கிளை மூடிக்கிடந்தது. ஒவ்வோர் இலையும் ஜோடியோடு ஒட்டிக்கொண்டு தொங்கியது. "ஃபாதர், தேரை எடுக்க வேண்டாம். ஏழு மணிக்குள்ள கொட்டும்," என்றேன். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. மண்டபத்துக்குள் தேரை விட்டுக் கதவைச் சாத்தினார்கள். சின்ன மாதா சுரூபம் ஒன்றைத் தோளில் சுமந்து போவதாக ஏற்பாடு செய்தார்கள்.

சக்கர நாற்காலியில் இருந்த நாத்தனார் என்னைப் பார்த்தார். "நல்லா பாத்தியா? வானம் பளிச்சுனு இருக்கே."

"வானத்துக்கு என்னக்கா தெரியும்?" என்றேன். எவ்வளவு திமிர் பாருங்கள்.

பவனி போய்விட்டது. நான் அவர்களோடு போகவில்லை. ஆறு மணியானது. ஒரு மேகம் இல்லை. பவனி திரும்பி வந்து, ஏழு தாண்டியும் மழை வரவில்லை. தேநீர்க் கடைத் தம்பி தெருவின் அந்தப் பக்கத்திலிருந்தே கேட்டார். "அக்கா, உங்க பேச்சைக் கேட்டு மேசையெல்லாம் உள்ள தூக்கி வெச்சேன் லா. மழை எங்க போச்சு, கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்துக்கா?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நாத்தனார் சிரிக்கவில்லை. சாத்திய மண்டபக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பவனி திரும்புவதற்கு முன்பே, ஆறு மணிக்கு ஒரு மேகமும் இல்லாதபோதே, எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. யார் மேல் காட்டுவது? மரத்தின் மேல்தான் காட்டினேன். நேராக அதனடியில் போய் நின்று, வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே அதைச் சுற்றி நடந்தேன். மறுபக்கம் கார் நிறுத்துமிடம். கார் ஓட்டத் தெரியாத எனக்கு அங்கே என்ன வேலை, வருடக்கணக்காக அந்தப் பக்கம் போனதே இல்லை. அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால், அத்தனை கிளையும் விரிந்திருந்தது. வெயிலில் இலைகள் கைவிரித்த மாதிரி அகலமாக நின்றன. ஒரே மரம். அந்தப் பக்கம் தூக்கம், இந்தப் பக்கம் விழிப்பு.

திரும்பிப் பார்த்தேன். சாலைக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டிய கொண்டோ. போன திருவிழாவின்போது அது எங்கள் மணிக்கூண்டு உயரத்துக்குக்கூட வரவில்லை. இப்போது முப்பது மாடிக்கு மேல் நிற்கிறது. சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. அதன் நிழல் மரத்தின் மேல் பாதியில் விழுந்து, மணிக்கூண்டுப் பக்கத்தை இருட்டாக்கியிருந்தது. என் கிளைக்குப் பொழுது சாய்ந்துவிட்டது, அவ்வளவுதான். மழை வரப்போகிறது என்று அது சொல்லவே இல்லை. நான்தான் ஒரே படியில் நின்று, ஒரே கிளையைப் பார்த்து, மரம் முழுவதையும் படித்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் முன்னால் போய் நின்றேன். என் கணவர், "இப்ப எதுக்கு, விடு," என்று கண்ணைக் காட்டினார். விட முடியுமா?

"அக்கா, மரத்து மேல தப்பு இல்ல. எதிர்ல கட்டுன கொண்டோ நிழல் அந்தக் கிளை மேல விழுது. அதான் மூடிக்கிச்சு. நான் அதைப் பாக்காம சொல்லிட்டேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என் பூவை மண்டபத்துல பூட்டி வெச்சது கொண்டோவா, நீயா?"

"நான்தான்கா."

"அப்ப சரி. சோத்தைப் போடு," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்தே கொடிமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. மலை உச்சி தெரியவில்லை, கோயில் மேல் மட்டும் கொஞ்சம் வெயில் மிச்சம் இருந்தது. கோயிலில் எல்லோர் கையிலும் ஹேன்போன், எல்லா ஹேன்போனிலும் இடி மின்னல் படம். நாலே முக்காலுக்கே குழுத் தலைவர் பங்குத் தந்தையிடம் போய்விட்டார். "ஃபாதர், இன்னிக்கும் சின்னச் சுரூபமே போதும். போன் சொல்லுது, வானம் சொல்லுது. அந்த அக்காவோட மரமும் மூடிருச்சு, நீங்களே பாருங்க."

உண்மைதான். படியில் நாலைந்து பேர் ஏறி நின்று என் கிளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருடக்கணக்காக நான் பார்த்ததைப் பார்த்து அவர்களும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். என் வித்தையை வைத்தே என்னை மடக்கினார்கள்.

"அந்தக் கிளையை விடுங்க. அது கொண்டோ நிழல்ல கிடக்குது," என்றேன். "என்கூட வாங்க ஃபாதர்."

அவரையும் குழுத் தலைவரையும் கார் நிறுத்துமிடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே இலைகள் விரிந்திருந்தன. ஒரு கிளை விடாமல் எல்லாவற்றையும் பார்த்தேன். இந்தத் தடவை மரத்தை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றினேன். நிழல் விழாத இடமெல்லாம் இலை திறந்தே இருந்தது.

"ஏழு மணி வரைக்கும் மழை இல்ல. இப்பவே புறப்பட்டா ஏழுக்குத் திரும்பிரலாம். அதுக்கு மேல நான் பொறுப்பு இல்ல," என்றேன்.

"நேத்தும் இப்படித்தான் அடிச்சுச் சொன்னீங்க," என்றார் குழுத் தலைவர். அவர் சொன்னதில் என்ன தவறு?

பங்குத் தந்தை மலையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். கடைசியில் மண்டபத்துக்கு வந்து நாத்தனார் முன்னால் குனிந்தார். "அம்மா, எட்டு மாசம் நீங்க செஞ்சது. நனைஞ்சா ஒண்ணும் மிஞ்சாது. எடுக்கலேன்னா யாரும் பாக்க முடியாது. நீங்க சொல்றதுதான்."

நாத்தனார் என்னிடம், "என்னைத் தள்ளிக்கிட்டுப் போ," என்றார். மரத்தின் மறுபக்கத்துக்குத் தள்ளிப் போனேன். கழுத்தைச் சாய்த்து மேலே பார்த்தார்.

"இதுக்குப் பேர்தான் விரிஞ்சிருக்கிறதா?"

"ஆமாக்கா."

"நிச்சயமா?"

"நிச்சயமா. தேர் திரும்புற வரைக்கும்."

அவர் பங்குத் தந்தை பக்கம் திரும்பினார். "இவ நேத்துத் தப்பா சொன்னா. நான் கேக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து அதை ஒத்துக்கிட்டா. அதனால இன்னிக்கு இவ சொல்றதை நம்பறேன். எடுங்க தேரை."

முப்பத்தோரு வருடத்தில் அந்த வாயிலிருந்து என்னைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. கேட்டுக்கொண்டு நிற்க எனக்குத் தெரியவில்லை. நாற்காலியின் பிரேக்கை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன்.

தேர் வாசலைத் தாண்டியது. ஒரு பெரியவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தார். நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தேருக்குப் பின்னாலேயே போனேன். முதல் முனையில் என் கையில் பொட்டென்று ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தால் மாடியிலிருந்து ஒரு ஏர்கான் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த ஏர்கானை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் அன்று என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கடைகளுக்குள் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். சாம்பிராணிக் கடைச் சீனத்து அம்மா ஒருவர் தேருக்கு அருகில் வந்து, உண்மைப் பூவா என்று மலாயில் கேட்டார். காகிதம் என்றேன். நம்பாமல் ஒரு இதழைத் தொட்டுப் பார்த்தார். யார் செய்தது என்றார். "இதோ, இவர். என் கணவருடைய அக்கா. இடது கையால்," என்றேன். பிறகு கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். தேநீர்க் கடைத் தம்பி தே தாரேக் ஆற்றிக்கொண்டிருந்த குவளையை அப்படியே வைத்துவிட்டு வந்து நின்றார். அவருக்கும் சொன்னேன். "போதும்டி, வாய் வலிக்கப்போவுது," என்றார் நாத்தனார். ஆனால் அடுத்த தெருவில் நான் சொல்ல மறந்தபோது, என் கையைத் தட்டினார்.

ஏழு ஆவதற்குச் சற்று முன் தேர் திரும்பி வளாகத்துக்குள் நுழைந்தது. ஒரு இதழ் நனையவில்லை. குழுத் தலைவர் என் பக்கம் வந்து ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அது போதும் எனக்கு.

ஆசீர் முடிந்ததும் தேர்ப் பூவை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். வீட்டுப் பீடத்தில் மாதா முன்னால் அடுத்த திருவிழா வரைக்கும் இருக்கும். பங்குத் தந்தை கையைக் காட்டியதும் ஜனம் தேரின் மேல் விழுந்தது. எட்டு மாத வேலை பத்து நிமிடத்தில் கரைந்தது. கட்டை தெரிந்தது, கம்பி தெரிந்தது. சாம்பிராணிக் கடை அம்மாவும் ஒரு வெள்ளை லில்லியோடு போனார். நாத்தனாருக்கு மனம் கஷ்டப்படுமோ என்று பார்த்தேன். அவர் ஒவ்வொரு பூவும் யார் கைக்குப் போகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தார்.

ஏழரைக்கு மேல் மழை பிடித்தது. தூறலாகத் தொடங்கவில்லை. ஒரேயடியாகக் கொட்டியது. வாசலில் பாதி ஜனம் அப்போதுதான் தெருவில் இறங்கியிருந்தது. சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள், மோட்டார் சைக்கிளுக்கு ஓடியவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவர்கள் என எல்லோரும் ஓடினார்கள். ஒருவர்கூடத் தலையை மறைக்கவில்லை. பூவைச் சட்டைக்குள் போட்டு, முந்தானைக்குள் சுற்றி, ஹெல்மெட்டுக்குள் வைத்து, அதன் மேல் குனிந்துகொண்டு ஓடினார்கள். அந்த முதுகுகளில் மழை அடித்தது. கோயில் முகப்பில் நானும் நாத்தனாரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவருடைய வலது கை மடியில் கிடந்தது. அந்தக் கையை அவர் யாரையும் தொடவிடமாட்டார். நான் துடைத்துவிடப் போனால்கூட, வேண்டாம் என்று தள்ளிவிடுவார். இப்போது இடது கையால் அதைத் தூக்கி, என் கைக்குள் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு பெருமையாக நான் நின்றதில்லை. மழை விடும்வரை அந்தக் கையை நான் விடவில்லை.